கைகோத்து எல்லைக்கோட்டைத் தொடலாமா?

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம். இந்த வாரம் சந்தேகங்களுக்கு விளக்கம் சொல்லும் பகுதிக்கு ஏழெட்டுக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது பத்து நாட்களாகச் சட்டைக்குள் புகுந்த வைக்கோல் சுணைபோல என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சேலத்திலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். அவர் எழுதியபடியே படிக்கிறேன்.

“ஐயா, நெடுந்தூரப் பந்தயத்தில் பல மணி நேரம் தோளோடு தோளாக ஓடிய இருவர், கடைசியில் ‘நமக்குள் போட்டி வேண்டாம், சேர்ந்தே முடிப்போம்’ என்று பேசிக்கொண்டு கைகோத்து முடித்தால் அதில் என்ன தவறு? டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டும் வீரர்கள் இருவர் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டதை நீங்கள் ஒரு பேச்சில் மனமாரப் பாராட்டினீர்கள். சென்ற மாதப் பேச்சிலோ, கைகோத்து முடித்த இரண்டு டிரையத்லான் வீராங்கனைகளைத் தகுதி நீக்கம் செய்தது சரிதான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனீர்கள். இரண்டில் எது உங்கள் கருத்து? பின்குறிப்பு: நானும் என் தம்பியும் வருகிற ஜனவரியில் சென்னையில் முதல் முறையாக மாரத்தான் ஓடப் போகிறோம். நாங்கள் சேர்ந்து முடிக்கலாமா, கூடாதா?”

சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். இரண்டையும் சொன்னவன் நான்தான். இரண்டையும் இப்போதும் சொல்கிறேன். அது எப்படி என்பதைத்தான் விளக்க வேண்டும்.

வழக்கமாகப் பார்க்கும் நேயர்களுக்கு என் தந்தையின் தையல் கடை நன்றாகவே தெரியும்; ‘மறுபடியும் இஞ்ச் டேப்பை எடுத்துவிட்டார்’ என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. பரவாயில்லை, எடுத்துவிடுகிறேன். தீபாவளிச் சமயத்தில் இரண்டு பையன்களை அழைத்துக்கொண்டு வரும் தாய்மார்கள், “பெரியவனுக்கு மட்டும் அளவெடுங்க, சின்னவனுக்கும் அதே அளவு போடுங்க” என்பார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்வார். அந்த இரண்டு சட்டைகளும் ஹேங்கரில் தொங்கும்வரைதான் ஒரே அளவு. பந்தல்காரர் திரைத்துணி கொண்டுவரும்போது கதையே வேறு. 60 இஞ்ச் டேப் முழுவதையும் நீட்டியும் துணி மிச்சமிருக்கும்; ‘டேப் தீர்ந்துபோச்சு’ என்று அப்பா சொல்வார். டேப் தீர்ந்துபோவது ஒன்று, டேப்பைச் சுருட்டி வைத்துவிடுவது இன்னொன்று. நேயரின் கேள்விக்கான என் விடை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மீதுதான் நிற்கிறது.

முதலில் டோக்கியோ. 2021 ஆகஸ்ட் 1 அன்று கத்தாரின் முத்தாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்கோ தம்பேரியும் 2.37 மீட்டர் வரை ஒரு முறைகூடக் கம்பியைத் தட்டிவிடாமல் தாண்டினார்கள். 2.39 மீட்டரில் இருவரும் மூன்று வாய்ப்புகளிலும் தவறினார்கள். பெலாரஸ் நாட்டின் மக்சிம் நெடசெகாவும் அதே 2.37 மீட்டரைத் தாண்டியவர்தான் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. ஆனால் முந்தைய உயரங்களில் அவருக்குத் தவறுகள் இருந்தன. ஆகவே அவருக்கு வெண்கலம். அதாவது அளவுகோல் தன் வேலையைச் செய்தது. மூன்று பேரில் ஒருவரைப் பிரித்துக் காட்டியது. மற்ற இருவரையும் பிரிக்க முடியாமல் அந்த இடத்தில் தீர்ந்துபோனது. அதன் பிறகுதான் நடுவர் வந்து, மீண்டும் தாண்டிப் பார்க்கலாம் என்று சொல்லத் தொடங்கியபோது, இரண்டு தங்கம் கிடைக்குமா என்று பர்ஷிம் கேட்டார். விதியில் அதற்கு இடம் இருந்தது. தம்பேரி பாய்ந்து போய் அவர் மீது ஏறிக்கொண்டார்.

இதே விதி 2024 இல் பாரிஸிலும் இருந்தது. நியூசிலாந்தின் ஹேமிஷ் கெரும் அமெரிக்காவின் ஷெல்பி மெக்யூவனும் 2.36 மீட்டரில் சமமாக நின்றபோது, பகிர்ந்துகொள்ளாமல் மேலும் தாண்டுவது என்று முடிவெடுத்தார்கள். கம்பி இறங்கி இறங்கி 2.34 மீட்டருக்கு வந்தபோது கெர் தாண்டித் தங்கம் வென்றார். ‘கைக்கு வந்த தங்கத்தை மெக்யூவன் விட்டுவிட்டாரே’ என்று அப்போது பலர் பரிதாபப்பட்டார்கள். எனக்கு அதில் பரிதாபம் எதுவும் தோன்றவில்லை. டேப் தீர்ந்தபின் இன்னொரு டேப் கொண்டுவரச் சொல்வதும் நியாயம், போதும் என்று நிறுத்துவதும் நியாயம்.

இப்போது டிரையத்லானுக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில், ஒலிம்பிக்குக்கான ஒத்திகைப் போட்டி அதே டோக்கியோவில் நடந்தது. வெப்பம் தாங்காது என்று பெண்களுக்கான ஓட்டத்தை 10 கிலோமீட்டரிலிருந்து 5 ஆகக் குறைத்திருந்தார்கள். நீந்தி, மிதிவண்டி ஓட்டி, பிறகு ஓடி, பிரிட்டனின் ஜெசிகா லியர்மந்தும் ஜார்ஜியா டெய்லர்-பிரவுனும் மற்றவர்களை விட்டு விலகி முன்னால் வந்தார்கள். இருவரும் தோழிகள். இருவரும் கையைப் பற்றிக்கொண்டு, சிரித்தபடி, ஒன்றாக எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். பார்ப்பதற்கு அழகான காட்சிதான். ஆனால் அந்த விளையாட்டின் விதிநூலில், தங்களைப் பிரித்துக்கொள்ள எந்த முயற்சியும் எடுக்காமல் திட்டமிட்டுச் சமனாக முடிக்கிறவர்கள் தகுதி நீக்கம் செய்யப்படுவார்கள் என்று தெளிவாக எழுதியிருந்தது. இருவரும் நீக்கப்பட்டார்கள். மூன்றாவதாக வந்த பெர்முடா நாட்டின் ஃப்ளோரா டஃபி முதலிடத்துக்கு உயர்ந்தார்.

இது என்ன கொடுமை, நட்புக்குத் தண்டனையா என்று அன்று கேட்டவர்கள் பலர். நான் எதைப் பார்த்தேன் என்று சொல்கிறேன். அந்த இருவருக்கும் முன்னால் இன்னும் சில அடி தூரம் ஓடாமல் மிச்சமிருந்தது. யார் வேகம் என்று கேட்பதற்கு அந்தச் சில அடிகள் இருந்தன. அந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டார்கள். டேப் தீரவில்லை; சுருட்டி வைக்கப்பட்டது.

சில அடியில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அதே விளையாட்டில் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக்கும் ஸ்வீடனின் லிசா நோர்டேனும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போட்டியிட்டு, 1 மணி 59 நிமிடம் 48 விநாடி என்ற ஒரே நேரத்தில் முடித்தார்கள். கடைசி அடி வரை இருவரும் பாய்ந்ததால் புகைப்படத்தைப் பார்த்துத்தான் ஸ்பிரிக்குக்குத் தங்கம் என்று தீர்மானிக்க முடிந்தது. இருவருக்கும் தங்கம் வேண்டும் என்று ஸ்வீடன் தரப்பு விளையாட்டுகளுக்கான நடுவர் தீர்ப்பாயம் வரை போனது, கிடைக்கவில்லை. அன்று இருவருக்கும் தங்கம் கொடுத்திருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டேன், ஏனென்றால் அது பேசி வைத்துக்கொண்டு வந்த சமன் அல்ல. கேமரா என்பது இன்னும் பொடிக் கோடுகள் போட்ட டேப், அவ்வளவுதான்.

திட்டமிட்ட சமனில் யாருக்கு என்ன நட்டம் என்று இங்கே ஒருவர் கேட்கலாம். முதல் இருவரும் முதலிடத்தைப் பகிர்ந்தாலும் மூன்றாவது ஆள் மூன்றாவதுதானே என்பார்கள். ஒப்பந்தம் கடைசி ஐந்து அடியில் பிறந்தது என்றால் அது ஓரளவு சரி. ஆனால் ஒப்பந்தங்கள் எப்போது பிறக்கின்றன என்று வெளியே நிற்கும் நமக்குத் தெரியாது. முன்னால் போகும் இருவரும் ‘நமக்குள் இனி இழுபறி இல்லை’ என்று பாதி வழியிலேயே முடிவு செய்துவிட்டால், ஒருவரை ஒருவர் வெட்டி ஓடிக் களைத்துப் போக மாட்டார்கள். பின்னால் துரத்தி வருகிறவர் நம்பியிருப்பதே அவர்களுடைய அந்தக் களைப்பைத்தான். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விளையாட்டு விழாவில் ‘ஏரி ஓட்டம்’ என்று ஒன்று இருந்தது. பள்ளி வாசலில் தொடங்கி, ஏரிக்கரை மேலேயே ஓடி, மதகைச் சுற்றித் திரும்ப வேண்டும். நாலரை, ஐந்து கிலோமீட்டர் இருக்கும். நான் ஒன்பதாம் வகுப்பு படித்த ஆண்டில் நானும் என் நெருங்கிய நண்பனும் முன்னால் போய்க்கொண்டிருந்தோம். மதகைத் தாண்டியதும் எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. “டேய், சேர்ந்தே போயிடலாமாடா?” என்று கேட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. பத்து அடி ஓடினான். பிறகு “சரிடா” என்றான். வெறுங்காலோடு, வியர்த்து வழுக்கும் கைகளைக் கோத்துக்கொண்டு பள்ளி வாசலில் போய் நின்றோம். கைதட்டல் பலமாக இருந்தது. பி.டி. மாஸ்டர் மட்டும் கைதட்டவில்லை. முதல் பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒன்றே ஒன்று. எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எவன்டா முதல்ல கேட்டது?” என்றார். இருவரும் வாய் திறக்கவில்லை. அவர் அந்த டம்ளரை மூன்றாவதாக வந்த பையனுக்குக் கொடுத்துவிட்டார். டோக்கியோவில் டஃபிக்கு முதலிடம் போனது என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த டம்ளர்தான் நினைவுக்கு வந்தது என்றால் நம்புவீர்களா?

அன்று மாஸ்டர் மீது இருந்த கோபம் பல ஆண்டுகள் போகவில்லை. நண்பனின் மகள் கல்யாணப் பந்தியில், இலைக்கு எதிரே நின்று எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே அவன் சாதாரணமாகச் சொன்னான்: “அன்னைக்கு எனக்கு மூச்சு மிச்சமிருந்ததுடா.” குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, ஏரிக்கரையில் அப்போது புளியமரம் இருந்தது என்பதுபோலச் சொன்னான். மாஸ்டர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையை முதலில் நீட்டியது யார்? தோற்கப் போகிறவன் நீட்டியிருந்தால் அது யாசகம். வெல்லப் போகிறவன் நீட்டியிருந்தால் அது தானம். இரண்டிலும் இருவரும் சமமாக இல்லை. சமமாக இல்லாத இருவர் கைகோத்து வந்து ‘நாங்கள் சமம்’ என்று அறிவிக்கிறார்கள். அந்தப் பத்து அடி தூரம் அவன் எதையெல்லாம் யோசித்திருப்பான் என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி தென்னாப்பிரிக்காவில் நடந்தது. டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தானை நாம் முன்பு ஒரு முறை விரிவாகப் பேசியிருக்கிறோம். 1967 இல் டாமி மலோன் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோடு கண்ணுக்கு முன்னால், சில கஜ தூரத்தில் இருந்தது. காலில் தசை இழுத்துக்கொள்ளவே கீழே விழுந்தார். எழ முயன்றார், முடியவில்லை. பின்னாலிருந்து வந்த மானி கூன் அவரைக் கடந்து கோட்டைத் தொட்டார். ஐந்து மணி ஐம்பத்து நான்கு நிமிட ஓட்டத்தின் முடிவில் இருவருக்கும் இடையே ஒரே ஒரு விநாடி. கூன் நின்று கைகொடுத்துத் தூக்கியிருக்கலாமே என்று சொல்வது நமக்கு எளிது. ஆனால் கூனும் அதே 90 கிலோமீட்டரை ஓடி வந்தவர். அந்த ஓட்டத்தில் கீழே விழுவதும் ஓட்டத்தின் ஒரு பகுதியே. மலோன் தோற்றதை யாரும் மறக்கவில்லை; அவர் ஓடியதையும் யாரும் மறக்கவில்லை. இருவரும் சேர்ந்து முடித்திருந்தால் அது ஒரு நல்ல புகைப்படமாக மட்டும் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

நேயர் ஓட்டத்தைப் பற்றித்தான் கேட்டார். நான் ஒரு கார்ப் பந்தயத்தையும் இங்கே இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி ஓடிய பிறகு நம்மில் பலர் இத்தகைய பந்தயங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம் என்பதால் இது புரியாமல் போகாது. 1966 ஜூனில், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் இறுதியில் ஃபோர்டு நிறுவனத்தின் மூன்று கார்கள் முன்னணியில் இருந்தன. ஃபெராரியை முறியடித்தாகிவிட்டது. இனி முதல் இரண்டு கார்களும் ஒன்றாகக் கோட்டைக் கடந்தால் விளம்பரத்துக்கு அருமையாக இருக்கும் என்று மேலிடம் முடிவு செய்தது. முன்னால் இருந்த கென் மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். புரூஸ் மெக்லாரனின் கார் அருகில் வந்து சேர்ந்தது. மைல்ஸ் அந்த ஆண்டு டேடோனா, செப்ரிங் ஆகிய அமெரிக்க நெடுநேரப் பந்தயங்களில் ஏற்கெனவே வென்றிருந்தார். லெ மானும் கிடைத்திருந்தால் ஒரே ஆண்டில் மூன்றையும் வென்ற முதல் ஆள் அவராக இருந்திருப்பார்.

என்ன நடந்தது தெரியுமா? சமன் என்பதே கிடையாது என்று பந்தய அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். 24 மணி நேரத்தில் அதிக தூரம் கடந்தவரே வெற்றியாளர் என்பது விதி. தொடக்கத்தில் மைல்ஸின் கார் இரண்டாவது இடத்திலும் மெக்லாரனின் கார் நான்காவது இடத்திலும் நின்றன. பின்னால் நின்று தொடங்கியவர் சேர்ந்து முடித்தால், அவர் அந்தச் சில மீட்டர் அதிகமாக ஓட்டியிருக்கிறார் என்று பொருள். வெற்றி மெக்லாரனுக்கும் அவருடன் மாறி மாறி ஓட்டிய கிறிஸ் அமனுக்கும் போனது. மைல்ஸ் அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று ஒரு சோதனை ஓட்டத்தில் விபத்துக்குள்ளாகி இறந்துபோனார். லெ மானில் வெல்ல இன்னொரு வாய்ப்பு அவருக்கு வரவே இல்லை. இந்த நிகழ்ச்சி எனக்கு எப்போதும் வயிற்றைப் பிசையும். சுருட்டி வைத்த டேப் சும்மா இருப்பதில்லை. எங்கோ ஒரு மூலையில் தானாக விரிந்து, நாம் அளக்க நினைக்காத எதையோ அளந்துவிடுகிறது. அங்கே அது ஓட்டியவர்களை அளக்காமல், முதல் நாள் மாலை கார்களை நிறுத்திய இடத்தை அளந்தது.

அப்படியானால் பேசி வைத்து முடிக்கும் சமன் எல்லாமே தவறா என்றால், அப்படியும் நான் சொல்லத் துணிய மாட்டேன். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் ஹார்ட்ராக் என்று ஒரு நூறு மைல் ஓட்டம் இருக்கிறது. சுமார் 10,000 மீட்டர் ஏற்றம். முடிவில் நாடா கிடையாது, கடாத்தலை வரைந்த ஒரு பெரிய கல் நிற்கும், அதை முத்தமிட்டால்தான் ஓட்டம் முடியும். 2016 இல் கிலியான் ஜோர்னேயும் ஜேசன் ஷ்லார்பும் 22 மணி 58 நிமிடத்தில் அந்தக் கல்லைச் சேர்ந்தே முத்தமிட்டார்கள். பரிசுப் பணம் என்று ஒன்று அங்கே இல்லை. அடுத்து வந்தவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தார். ஒரு பகலும் ஓர் இரவும் கூடவே ஓடியவர்கள் இருவரும். இங்கே கூட எனக்குச் சிறு குறை உண்டு. 2014 இல் ஜோர்னே அதே ஓட்டத்தில் படைத்த சாதனை நேரம் இதைவிடச் சுமார் 17 நிமிடம் குறைவு. இருவரில் ஒருவர் மற்றவரைத் துரத்தியிருந்தால் அந்த 17 நிமிடம் என்னவாகியிருக்கும் என்று கேட்கும் ஆசை எனக்கு அடங்கவில்லை. ஆனால் இதை யாருக்கும் நேர்ந்த அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

இதுவரை சொன்னது நேயர் கேட்ட கேள்விக்கு. அவர் கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படும் கேள்வி ஒன்று உண்டு. சமனாக முடிக்கலாமா என்று கேட்கிறோமே, அந்த இரண்டாவது ஆள் உண்மையில் என்ன செய்கிறார் என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

இதை வேறெந்தப் பந்தயத்தையும்விட வெளிச்சமாகக் காட்டுவது ‘பேக்யார்டு அல்ட்ரா’ என்னும் ஓட்டம். டென்னசி மாநிலத்தின் பெல் பக்கிள் என்ற சிற்றூரில், லாசரஸ் லேக் என்று எல்லோரும் அழைக்கும் கேரி கான்ட்ரெல் தன் வீட்டுத் தோட்டத்தில் தொடங்கியது அது. ஒரு சுற்று 6,706 மீட்டர். ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மிச்சமிருக்கும் நேரத்தில் சாப்பிடலாம், காலை நீட்டலாம், நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம். அடுத்த மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மூன்று விசில், இரண்டு நிமிடத்தில் இரண்டு, ஒரு நிமிடத்தில் ஒன்று. பிறகு மணி அடிக்கும். மணி அடிக்கும்போது சுண்ணாம்புக் கட்டத்துக்குள் நிற்காதவர் வெளியே. 24 மணி நேரத்துக்குச் சரியாக நூறு மைல் வரும்படி அந்தத் தூரத்தை வைத்திருக்கிறார்கள். ஆனால் 24 மணி நேரத்தில் பந்தயம் முடியாது. ஒரே ஒருவர் மிஞ்சும்வரை நடக்கும். கடைசி இருவரில் ஒருவர் நின்றுவிட்டால், மற்றவர் இன்னும் ஒரு சுற்று தனியாக ஓடி முடிக்க வேண்டும். முடித்தால் அவர் வென்றவர். அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூட அவரை ஓட விடமாட்டார்கள். அவர் தவிர மற்ற எல்லோரும், இரண்டாவதாக வந்தவர் உட்பட, ‘முடிக்காதவர்’ என்றே பதிவாவார்கள்.

இதன் கணக்கைக் கவனியுங்கள். 2023 இல் ஹார்வி லூயிஸ் 108 சுற்று ஓடி வென்றார். ஏன் 108? கனடாவிலிருந்து வந்த இஹோர் வேரிஸ் 107 சுற்று ஓடியதால். வேரிஸ் 80 இல் நின்றிருந்தால், லூயிஸின் கால்களில் இன்னும் எவ்வளவு வலு இருந்தாலும் அவருக்கு 81தான். அதாவது வென்றவரின் தூரத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது ஆளின் உடம்பு. அந்த ஓட்டக்காரர்கள் இரண்டாவது ஆளை ‘அசிஸ்ட்’ என்றே அழைக்கிறார்கள், கால்பந்தில் கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தவரைச் சொல்வதுபோல. லூயிஸே 2017 இல் 58 சுற்று ஓடி, கியோம் கல்மெட் என்பவரை 59 க்கு அனுப்பிவைத்தவர்தான்.

இந்த ஓட்டத்தில் இருவர் பேசி வைத்து ஒன்றாக நின்றால் என்ன ஆகும்? வென்றவர் என்று யாருமே இருக்க மாட்டார்கள். 2014 இல் அது நடந்தது. ஜெரமி ஈபர்ட்டும் ஸ்வீடனின் யோஹான் ஸ்டேனேயும் 49 சுற்றுகளோடு சேர்ந்து நின்றார்கள், இருவருமே ‘முடிக்காதவர்’. 2022 அக்டோபரில் நாடுகளுக்கு இடையே அணிப் போட்டி நடந்தது. ஒரு நாட்டுக்கு 15 பேர், அவரவர் நாட்டிலேயே ஓட்டம், எல்லோருடைய சுற்றுகளையும் கூட்டிப் பார்த்து முடிவு. அதில் பெல்ஜியத்தின் மெரைன் கேர்ட்ஸும் ஈவோ ஸ்டேயார்ட்டும் 101 சுற்று, ஏறத்தாழ 677 கிலோமீட்டர், நான்கு பகல் நான்கு இரவுக்கு மேல் ஓடி, அப்போதைய உலக சாதனையைப் படைத்து, அத்தோடு இருவரும் ஒன்றாக நிறுத்திக்கொண்டார்கள். பெல்ஜியம் அணி முதலிடம் பெற்றது. தனிப்பட்ட வெற்றியாளர் பட்டியலில் அந்த இடம் காலி.

என் டேப் விளக்கம் தடுமாறும் இடம் இதுதான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 101 மணி நேரம் ஒன்றாக விழித்திருந்து, ஒருவர் தூங்கி வழியும்போது மற்றவர் பேச்சுக் கொடுத்து, அணிக்குச் செய்ய வேண்டியதையும் செய்துவிட்டு, ‘போதும்’ என்று இருவர் சொன்னால், அதைச் சுருட்டி வைத்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர்கள் வெற்றியைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருவருக்குமே வெற்றி இல்லை என்பதைத்தான் பகிர்ந்துகொண்டார்கள். கைகோத்துக்கொண்டு டம்ளரையும் கேட்ட எங்களோடு அவர்களைச் சேர்க்க முடியாது. லாசரஸ் லேக் வகுத்த விதி இதில் மிக நேர்மையானது: நீங்கள் சமனாக நிற்கலாம், யாரும் தடுக்கவில்லை, ஆனால் அதற்குப் பெயர் வெற்றி இல்லை.

49 சுற்றோடு நின்ற அந்த யோஹான் ஸ்டேனே நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 இல், அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்து 68 சுற்று ஓடி வென்றார். அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டவர் கோர்ட்னி டோவால்டர் என்ற பெண், 67 சுற்று. 2020 இல் அதே டோவால்டர் 68 சுற்று ஓடி அந்தப் பந்தயத்தை வென்றார். இந்த எண்களை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. ஏரிக்கரையில் என் நண்பன் அந்தப் பத்து அடியோடு நிற்காமல் ஓடியிருந்தால், எனக்கு விலாவலியோடு இன்னும் எவ்வளவு ஓட முடிந்திருக்கும் என்று எனக்கும் தெரிந்திருக்கும். எதிரே ஓடுகிறவன் எனக்குத் தரக்கூடியது அது ஒன்றுதான். அதை வேண்டாம் என்று கேட்டு வாங்கியது நானேதான்.

டோக்கியோவில் நீக்கப்பட்ட இருவரையும் அப்படியே விட்டுவிட வேண்டாம். 2021 இல் ஒலிம்பிக் கலப்புத் தொடர் டிரையத்லானில் பிரிட்டன் தங்கம் வென்றபோது அந்த நால்வர் அணியில் லியர்மந்தும் இருந்தார், டெய்லர்-பிரவுனும் இருந்தார். ஒருவர் முடித்து அடுத்தவரின் கையைத் தட்டி அனுப்புவதுதான் அந்தப் போட்டியின் விதியே.

கடைசியாக, சேலத்து நேயரின் பின்குறிப்பு. தாராளமாகத் தம்பியோடு சேர்ந்து முடியுங்கள். முதல் மாரத்தானில் நீங்கள் இருவரும் போட்டியிடுவது 42.195 கிலோமீட்டரோடு, ஒருவரோடு ஒருவர் அல்ல. உங்களுக்குப் பின்னால் டம்ளருக்காக ஓடி வரும் மூன்றாவது பையனும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டையில் குத்தும் எண் அட்டையின் பின்னால் ஆளுக்கொரு சிப் இருக்கும். தொடக்கத்தில் தரையில் விரித்திருக்கும் பாயை மிதிக்கும்போது உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கும், முடிவில் மிதிக்கும்போது நிற்கும். விடியற்காலைக் கூட்டத்தில் தம்பி நான்கு வரிசை பின்னால் நின்றுவிட்டு, கடைசியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு முடித்தாரானால், அன்று மாலை சான்றிதழைத் தரவிறக்கிப் பார்க்கும்போது அவர் உங்களைவிட எட்டுப் பத்து விநாடி வேகமாக ஓடியிருப்பார்; மெக்லாரன் கதைதான். ஆகவே முடிவில் கையைக் கோப்பதாக இருந்தால், தொடக்கத்துப் பாயையும் கையைக் கோத்தபடியே மிதியுங்கள்.